காக்கை, பனம்பழம், கம்ப்யூட்டர்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டர் நின்றுபோனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீலத் திரை வந்தது, அணைந்தது, மறுபடி நீலத் திரை. இரண்டு மாதப் பராமரிப்புக் கட்டணக் கணக்கு அதற்குள்ளேயே நின்றுவிட்டது. முந்தைய நாள் மாலை, நம் குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு கல்லூரி மாணவர், நாம் கேட்டுக்கொண்டதால், நிலுவையில் இருந்த விண்டோஸ் அப்டேட்டைப் போட்டிருந்தார். கூட்டத்தில் "எதற்கு அப்டேட் போட்டார்கள்? நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?" என்று எழுந்து கேட்டவன் நான்தான். அந்தத் தம்பி பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. ஒன்றால்தான் மற்றொன்று நடந்ததா என்பது தனிக் கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்த நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அந்தக் குறை தீர, அப்டேட்டுகளின் பழைய கதையைக் கொஞ்சம் படித்தேன். எப்போது காக்கை உண்மையிலேயே பழத்தைத் தள்ளியது, எப்போது வெறுமனே பழி சுமந்தது என்று பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அப்டேட் பஸ்ஸில் வந்த காலம்

நம் நாட்டு வங்கிகளில் இயந்திரமயமாக்கலுக்கு வழி திறந்தது 1983-இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம். அதை அடுத்து டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் பரிந்துரைகள் கொடுத்தது. பிறகு கிளைகளுக்குள் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

அந்தக் காலத்தில் மென்பொருளில் மாற்றம் என்றால் மண்டல அலுவலகத்திலிருந்து ஃபிளாப்பி வரும். சில சமயம் ஒருவர் கையிலேயே கொடுத்து பஸ்ஸில் அனுப்புவார்கள். வந்தவுடன் போட்டுவிட மாட்டோம். முதலில் அன்றைய கணக்கை இன்னொரு ஃபிளாப்பியில் நகல் எடுப்போம். அந்த நகல் கிளைக்கு வெளியே பத்திரமாக இருக்க வேண்டும் என்பது விதி.

புதிய முறைக்கு மாறும்போது "பேரலல் ரன்" என்று ஒன்று உண்டு. மெஷினிலும் பதிவோம், பழைய கை லெட்ஜரிலும் எழுதுவோம். மாலையில் இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். மாதக்கணக்கில் இரட்டை வேலை பார்த்துச் சலித்துக்கொண்டோம். அந்தச் சலிப்பின் மதிப்பு 2024-இல்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் செவ்வாய்

இன்டர்நெட் பரவிய பிறகு அப்டேட்டுக்கு பஸ் தேவைப்படவில்லை. 2003 ஜூலையில் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. பலர் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு அதே ஓட்டை வழியாகப் புகுந்து உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைத் தானாக அணைந்து எரிய வைத்தது.

அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும். அமெரிக்காவில் அது காலை நேரம். நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. ஆகவே நம் வீடுகளில் பெரும்பாலும் புதன் அல்லது அதற்கடுத்த நாட்களில்தான் "ரீஸ்டார்ட் செய்யவும்" என்ற அறிவிப்பு வரும். பௌர்ணமிக்கு நாள் பார்த்துக் கிரிவலம் போகும் ஊர் நம்முடையது. இந்த இரண்டாம் செவ்வாயையும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் அந்த வாரத்தில் மக்கர் செய்தால் அப்டேட்டைச் சந்தேகிக்கலாம். மாதக் கடைசியில் மக்கர் செய்தால் வேறு இடத்திலும் தேட வேண்டும்.

காக்கை தள்ளிய பழங்கள்

அப்டேட் மீது நமக்கிருக்கும் சந்தேகம் வீண் சந்தேகமல்ல. மூன்று பெரிய சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 2010 ஏப்ரல் 21. மெக்காஃபி என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் தன் அன்றாட வைரஸ் பட்டியலை அனுப்பியது. அதன் எண் 5958. அந்தப் பட்டியலில் ஒரு பிழை. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் என்று அது அடையாளம் காட்டிவிட்டது. காவல்காரன் வீட்டுக்காரரையே திருடன் என்று பிடித்த கதை. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தன, நெட்வொர்க் தொடர்பும் போனது. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் சூப்பர்மார்க்கெட் தன் கடைகளில் சிலவற்றை அன்று மூட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, 2018 அக்டோபர். விண்டோஸ் 10-இன் அரையாண்டுப் பெரிய அப்டேட் 2-ஆம் தேதி வெளியானது. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. காரணம், சிலருடைய கடிதங்களும் புகைப்படங்களும் அழிந்துபோயின. அவர்கள் தங்கள் "டாக்குமென்ட்ஸ்" பெட்டியைச் சி டிரைவிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றியவர்கள். பழைய இடத்திலும் சில கோப்புகள் தங்கியிருந்தன. பழைய பெட்டி காலி என்று நினைத்து அப்டேட் அதைத் துடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டதாகப் புகார் செய்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்று அந்த நிறுவனம் சொன்னது. அந்த ஒருவருக்கு அது பேரப்பிள்ளையின் காதுகுத்துப் படமாக இருந்திருந்தால், பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கு அவருக்கு எந்த ஆறுதலும் தராது.

மூன்றாவதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. மறுநாள் மாலை பௌர்ணமி தொடங்குவதால் கிரிவலக் கூட்டத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சின்னக் கோப்பை உலகெங்கும் அனுப்பியது. 10.57-க்குள் பிழையை உணர்ந்து திரும்பப் பெற்றும்விட்டது. மொத்தம் 78 நிமிடம். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன.

சென்னை உட்பட நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ நிறுவனம் மட்டும் 190-க்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. வங்கித் துறையில் 10 வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டுமே சிறு தடங்கல் ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

என்ன நடந்தது என்பதைக் கணக்குக்காரன் மொழியில் சொல்கிறேன். 20 பத்திகள் உள்ள ஒரு லெட்ஜர். 21-வது பத்தியைப் படி என்று ஒரு குறிப்பு வருகிறது. இல்லாத பத்தியைப் படிக்கப் போன மென்பொருள் நிலைதடுமாறியது. அது விண்டோஸின் அடிமடியில் இயங்கும் மென்பொருள் என்பதால் விண்டோஸே நின்றது. திரும்பத் தொடங்கினால் அதே கோப்பைத்தான் முதலில் படிக்கும், மறுபடி நிற்கும். பிழை திரும்பப் பெறப்பட்டாலும், நின்றுபோன கம்ப்யூட்டருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர வழியில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்த கம்ப்யூட்டர்களுக்கு 48 இலக்கத் திறவு எண் வேறு தேவைப்பட்டது.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை யோசிக்க வைத்தன. ஒன்று, அந்த 20-க்கும் 21-க்கும் இடையிலான முரண்பாடு ஜூலையில் பிறந்ததல்ல. பிப்ரவரியிலிருந்தே மென்பொருளில் இருந்தது. அதுவரை வந்த கோப்புகளில் 21-வது இடத்தில் "எதுவானாலும் சரி" என்றிருந்ததால் யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய நாள் வந்ததும் விழுந்தது. இரண்டாவது, அந்தக் கோப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பி, ஒரு நாள் பார்த்து, பிறகு மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால் சேதம் சிறிதாயிருக்கும். இனி அப்படிப் படிப்படியாகத்தான் அனுப்புவோம் என்று அந்த நிறுவனம் பிறகு அறிவித்தது. எங்கள் பேரலல் ரன் அதைத்தானே செய்தது!

ஒரு சிறு தகவல்: 2010-இல் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவரும், 2024-இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமை நிர்வாகியாக இருந்தவரும் ஒருவரே, ஜார்ஜ் கர்ட்ஸ்.

காக்கையை விரட்டியவர்கள்

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்டேட்டே வேண்டாம்" என்று முடிவு செய்யாதீர்கள். அப்படி முடிவு செய்தவர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

2017 மார்ச் 14, ஓர் இரண்டாம் செவ்வாய். விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையை அடைக்கத் திருத்தம் வந்தது. போட்டவர்கள் போட்டார்கள். போடாதவர்களைத் தேடி, ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12-ஆம் தேதி வான்னாக்ரை வந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் காவல்துறைக் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் சிக்கியதாகப் பத்திரிகைகளில் வந்தது.

வங்கி ஏ.டி.எம்.களின் கதையும் இதுதான். அவற்றில் பல விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடின. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று வங்கிகள் ஒத்திப்போட்டன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது: செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, அடுத்த மார்ச்சுக்குள் முக்கால், 2019 ஜூனுக்குள் முழுவதும் மாற்ற வேண்டும். கால் கால் பங்காக மாற்றச் சொன்னதைக் கவனியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்று என்று சொல்லவில்லை.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஓராண்டு நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், குறிப்பாக அதில் நெட் பேங்கிங் செய்பவர்கள், ஒத்திப்போடாதீர்கள்.

பழம் ஏன் அந்த நேரத்தில் விழுகிறது?

நியாயமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்டேட் தவறு செய்யாதபோதும், அப்டேட் போட்ட மறுநாளே கம்ப்யூட்டர் ஏன் படுக்கிறது?

காரணம் ரீஸ்டார்ட். நாம் மாலையில் "ஷட் டவுன்" கொடுத்தாலும் விண்டோஸ் பெரும்பாலும் முழுவதுமாக அணைவதில்லை. சீக்கிரம் எழுந்திருப்பதற்காகத் தன் நிலையில் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவிட்டு அரைத்தூக்கம் தூங்குகிறது. "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் அடியோடு இறங்கி, மறுபடி ஏறும். பலருடைய கம்ப்யூட்டர் முழு ரீஸ்டார்ட் ஆவதே அப்டேட் வரும்போதுதான். அந்த ஏற்றத்தில் வட்டு வழக்கத்தைவிடக் கடுமையாக உழைக்கிறது, ஆயிரக்கணக்கான கோப்புகளை எழுதுகிறது. ஏற்கெனவே நோயுற்ற வட்டு அப்போது விழுகிறது. இதய நோய் இருப்பது தெரியாத ஒருவர் மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தால், படிக்கட்டைக் குற்றம் சொல்வோமா?

இன்னொரு காரணம், அப்டேட் ஓடும்போது கரண்ட் போவது. பாதி எழுதிய லெட்ஜரைப் பிடுங்கினால் என்ன ஆகும்? யு.பி.எஸ். பாட்டரி பழையதாகிவிட்டால், மாற்றும் வரை அப்டேட்டைத் தள்ளிப் போடுங்கள்.

வித்தியாசம் தேடும் முறை

வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸில் வித்தியாசம் வந்தால் முதலில் அந்தத் தொகை 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால் யாரோ 450-ஐ 540 என்று எழுதியிருக்க வாய்ப்பு. அதாவது, ஆளைச் சந்தேகிக்கும் முன் தொகையை விசாரிப்போம். அதற்கடுத்து, கடைசியாக எந்த நாளில் கணக்கு ஒத்துப்போனது என்று தேடி, அங்கிருந்து முன்னோக்கி வருவோம். கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான்.

ஒன்று: தேதிகளை ஒப்பிடுங்கள். ஸ்டார்ட் பெட்டியில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாள்வாரியாக ஓர் அட்டவணை வரும். எந்த நாளில் அப்டேட் ஏறியது, எந்த நாளில் எது செயலிழந்தது என்று அதில் இருக்கும். சிவப்புக் குறிகள் அப்டேட்டுக்கு முன்பே தொடங்கியிருந்தால், காக்கையை விட்டுவிடுங்கள்.

இரண்டு: ஒரு முறை முழு ரீஸ்டார்ட் கொடுங்கள். பாதியில் நின்ற அப்டேட்டுகள் பலமுறை இதிலேயே சரியாகிவிடும்.

மூன்று: தேதி ஒத்துப்போனால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி என்று போய், கடைசியாக வந்ததை மட்டும் நீக்கிப் பாருங்கள். பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால் பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். நீக்கியும் கோளாறு போகவில்லை என்றால், காரணம் வேறு.

நான்கு: ஒரே நேரத்தில் நான்கு மாற்றம் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, பார்த்து, தாளில் எழுதி, பிறகு அடுத்தது. இல்லையென்றால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஐந்து: கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே வட்டின் 48 இலக்கத் திறவு எண்ணைத் தேடி எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியக் கோப்புகளுக்கு வெளியில் ஒரு நகல். அப்டேட் பிழையோ, வட்டு நோயோ, கரண்ட் வெட்டோ, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அதுதான்.

கடைசியாக, நம் கம்ப்யூட்டர்

தேரடித் தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் வட்டைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். விண்டோஸ் தன் பதிவேட்டில் "வட்டில் கெட்ட இடம்" என்று வரிவரியாகக் குறித்து வைத்திருந்தது. முதல் குறிப்பு, அந்தத் தம்பி அப்டேட் போடுவதற்கு ஐந்து வாரம் முந்தையது. நாம் யாரும் பார்க்கவில்லை. நகலும் எடுத்திருக்கவில்லை. நகல் எடுக்க வேண்டிய பொறுப்பு செயற்குழுவில் என்னுடையது.

இரண்டு மாதக் கணக்கை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்து மறுபடி ஏற்றினோம். நான் படிக்கப் படிக்கத் தட்டச்சு செய்தவர் அந்தத் தம்பிதான். நான்கு மாலை அவர் என்னோடு உட்கார்ந்திருந்தார். நான் கூட்டத்தில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி சொன்னது நூறு பேர் முன்னால். வருத்தம் தெரிவிப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். தம்பி, தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கு முந்தைய திங்கட்கிழமை மாலை சங்கக் கணக்கின் நகல் இரண்டு எடுக்கப்படும். ஒன்று அலுவலக அலமாரியில், இன்னொன்று பொருளாளர் வீட்டில். அப்டேட் ஒரு வாரம் பொறுத்து ஏற்றப்படும். நகல் எடுத்த தேதியும் எடுத்தவர் கையெழுத்தும் ஒரு நோட்டில் இருக்கும். நோட்டு அலுவலக மேஜையிலேயே இருக்கும். போகிற வழியில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு மாதம் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.